என் பேச்சில் அடித்த வாடை

ரங்கூனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், மொழி கற்பிக்கும் முறைகள் பற்றிப் பல வருடம் பாடம் நடத்தினேன். தாய்மொழியின் சாயல் பேச்சில் தெரிவது பிழையல்ல, பொருள் விளங்கினால் போதும் என்பதே என் முதல் பாடம். அதை ஆர்வமாகக் கற்றவர் டேனியல். கெம்மண்டைன் படகுத்துறைப் பக்கம் எங்கள் தெருவில் வளர்ந்த தமிழர். பின்னாளில் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு, அதே கல்லூரியில் விரிவுரையாளரானார்.

அறுபதுகளின் நடுவில் எல்லாப் பாடங்களும் பர்மிய மொழிக்கு மாறின. வேலையில் நீடிக்க, ஒரு குழுவின் முன்னால் பர்மியத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றார்கள். குழுவில் டேனியலும் இருந்ததால் தைரியமாகப் போனேன்.

பாடம் நன்றாகவே நடந்தது. மாணவிகள் சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள். குழுத் தலைவர் திருப்தியாகத் தலையசைத்தபோது டேனியல் பர்மியத்தில் சொன்னார்: "இந்த ஆசிரியையின் பேச்சில் தமிழ் வாடை அடிக்கிறது. படிக்கிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்."

மற்றவர்கள் உடனே ஆமோதித்தார்கள். என் வேலை போயிற்று.

வராந்தாவில் டேனியல் என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"டீச்சர், மன்னிச்சிருங்க. நான் சும்மா இருந்தா, தமிழாளுன்னு காப்பாத்துறான்னு என்னையும் தூக்கிருவாங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"சொல்றதுக்கு வேற குறையே கிடைக்கலையா, டேனியல்?"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் பதறிப்போய், யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தார்.

அவருடைய பயம் எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும், மனம் இன்றுவரை ஆறவில்லை.