சேட்டுவின் மூன்று நிமிடம்

அடையாறில் அந்தப் பதினாறு வீட்டுக் குடியிருப்பில் ஜெனரேட்டர் ஓட்டும் சேட்டுவுக்கு இரண்டு பெயர்கள். நேரில் சேட்டு. வாட்ஸ்அப் குழுவில் ‘மூணு நிமிஷம்’. மின்சாரம் போனால் பக்கத்துக் கட்டடங்களில் உடனே விளக்கு எரியும், இங்கே மட்டும் மூன்று நிமிடம் கழித்துத்தான் எரியும் என்பதால் சங்கச் செயலாளர் வெங்கடேஷ் வைத்த பெயர் அது. தானாக ஓடும் புது ஜெனரேட்டர் வாங்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று மூடி வைப்பவரும் இதே வெங்கடேஷ்தான்.

சேட்டு இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடிசையில் பிறந்தவர். அரசாங்கம் குடிசையைப் பிரித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த பிறகு தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். பதினைந்து வயதில் கல்யாண ஊர்வலங்களில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தவர், இப்போது ஐம்பத்து மூன்று வயதில், பதினோரு வருடமாக இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நிற்கிறார். வீட்டுக்குப் போனதும் மனைவி முனியம்மாள், “இன்னா, உன் மொத சம்சாரம் நல்லா கீதா?” என்றுதான் கேட்பாள். இன்ஜினைத்தான் சொல்கிறாள்.

கரண்ட் போனால் அவர் ஓட மாட்டார், நடந்துதான் வருவார். வீடுகளுக்குக் கரண்டை அனுப்பும் பிரேக்கர் கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பார். ரேடியேட்டரில் தண்ணீர், டாங்கில் டீசல் எல்லாம் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார். பத்து நொடிக்கு மேல் சாவியைத் திருகிப் பிடிக்க மாட்டார். கிளம்பவில்லை என்றால் அரை நிமிடம் விட்டுத்தான் அடுத்த முறை. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பிரேக்கரைத் தொடாமல் சும்மா ஓட விடுவார். ஆயில் அழுத்தம் காட்டும் முள் ஏறி நிற்க வேண்டும், சத்தம் சீராக வேண்டும், இன்ஜின் கொஞ்சம் சூடேற வேண்டும். இதற்குத்தான் அந்த மூன்று நிமிடம். “தூங்கிக்கினு கீறவனை எயுப்பி ஒடனே மூட்டை தூக்கச் சொன்னா இடுப்பு புட்டுக்காதா?” என்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் இருட்டான லிப்ட்டுக்குள் நிற்பவர்களுக்கு நியாயம் காதில் ஏறுமா?

நாலாம் மாடியில் நல்லசிவம் இருந்தார். தி.நகரில் நாற்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவர். இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு, கரண்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். மெஷின் நின்றால் மாற்றிக்கொள்ள மூலையில் ஒரு சிலிண்டரும் இருந்தது. அதைத் திறக்க ஒரு சாவி. அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்ததால் அந்தச் சாவி அசையவே அசையாது.

சித்திரை மாதம், நண்பகல். இன்ஜின் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. சேட்டுவின் போன் அடித்தது.

“ஏய்யா சேட்டு, அவியளுக்கு மூச்சு முட்டுதுய்யா. சீக்கிரம் போடுய்யா.” தங்கபுஷ்பத்தின் குரல் அழுகையில் உடைந்தது.

சேட்டுவின் கை தன்னாலே பிரேக்கரைத் தூக்கிவிட்டது. பதினாறு வீட்டு ஏசியும் லிப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் ஒரே அடியாக ஏறி உட்கார, இன்ஜின் குப்பென்று கரும்புகை கக்கியது. அப்புறம் மேலே போய்ப் பார்த்தார். நல்லசிவம் வாயைத் திறந்தபடி அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு சேட்டுவுக்கு மூன்று நிமிடம் நிற்க மனசு வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஓட்டம்தான். ஆயில் பார்ப்பதும் விட்டுப்போனது. “கோச்சிக்காத நைனா” என்று இன்ஜினைத் தட்டிக் கொடுத்துவிட்டு பிரேக்கரைத் தூக்கிவிடுவார். குழுவில் அவருடைய பட்டப்பெயர் மறைந்தது. வெங்கடேஷ் ஒரு நாள் கட்டைவிரல் படம்கூடப் போட்டார். பதினோரு வருடத்தில் சேட்டுவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அவர் செய்த முதல் தப்புக்கு.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. டிசம்பரில் புயல் அடித்த அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு விசில் மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கரகரப்பு, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. நின்றுவிட்டது. சேட்டு தன் பத்து நொடிக் கணக்கையெல்லாம் மறந்து சாவியைத் திருகித் திருகி பேட்டரியையும் தீர்த்தார். அப்புறம் நாலு மாடி ஏறி ஓடி, சிலிண்டர் சாவியில் கை வைத்தார். அரைத் திருகுதான். காற்று வந்துவிட்டது.

இதற்கா எட்டு மாதம் இன்ஜினை வதைத்தோம் என்று அவருக்கு அங்கேயே தலை சுற்றியது. கரண்ட் போனதும் மேலே ஏறி இதைத் திருகிவிட்டு வந்திருக்கலாம். சாவிக்கு நீளமாக ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்திருந்தால் அந்த அம்மாளே திருகியிருப்பார்.

சிலிண்டர் இரண்டரை மணி நேரம் தாங்கியது. ஆம்புலன்ஸ் தண்ணீரில் நீந்தி வந்து சேர சாயங்காலம் நாலு மணி ஆனது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நல்லசிவம் போய்விட்டார்.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் உபைத், இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளும் டர்போவிலிருந்து கருகிப்போன ஒரு தண்டை எடுத்துக் காட்டினார். “சூடேத்தாம லோடு குட்த்துக்கினே இர்ந்துகிறாங்க. ஆயிலும் கம்மி. எவன் நைனா செஞ்சான்?” என்றார். இருபது வருடப் பழக்கம். சேட்டுவே செய்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சேட்டு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வயதான இன்ஜின், பழுது பார்த்து ஓட்டலாம் என்று சங்கத்தில் முடிவாயிற்று. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மாசியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. கோயிலுக்குப் போய்விட்டு வந்த தங்கபுஷ்பம் லிப்ட் இல்லாமல், கொட்டகை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சேட்டு ஆயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், சாவியைத் திருகினார். இன்ஜின் ஓட ஆரம்பித்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஓடுதேய்யா, லிப்ட்டு வரலியே?”

“சூடேறணும்மா. மூணு நிமிசம் ஆவும்.”

“முன்னால எல்லாம் ஒடனே வந்துருமே?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது. “அப்டி போட்ருக்கக் கூடாதும்மா. ஐயாவுக்கோசரம் போட்டேன். அதுலதான் இன்ஜின் பூட்ச்சு. பொயல் அன்னிக்கு நின்னது அதாலதாம்மா.”

அவர் திட்டுவார் என்று சேட்டு காத்திருந்தார். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். தங்கபுஷ்பம் இன்ஜினைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த தன் கோணல் விரல்களைப் பார்த்தார்.

“நாந்தானய்யா போன் போட்டேன்” என்றார்.

“நீ இன்னாம்மா பண்ணுவ” என்று சேட்டு பதறிச் சொன்னது இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. சொல்லியிருக்கவே கூடாது என்று சேட்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நிமிடம் ஆகிவிட்டது. பிரேக்கரைத் தூக்கினார். லிப்ட் விளக்கு எரிந்தது. தங்கபுஷ்பம் எழுந்திருக்கவில்லை.