ஸ்டியரிங்கில் ஊற்றிய எண்ணெய்

முழங்காலில் கட்டோடு ஏன் ஆராதனைக்கு வந்தாய் என்று சபையில் சிலர் கேட்டீர்கள். பக்தியில் பட்ட காயம் என்றேன். பொய்யில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கொடுமுடிக்குப் பக்கத்தில் காவிரியில் ஆள் ஏற்றி இறக்கும் மோட்டார் படகு என்னுடையது என்று உங்களுக்குத் தெரியும். கீழே கதவணை இருப்பதால் எங்கள் துறையில் ஆறு ஏரி மாதிரி நிறைந்து நிற்கும். ஆடி மாதம் அக்கரையில் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள என் மனைவி ரோசி போனாள். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மழைக்காலம் வந்தது, போனது. அவள் வரவில்லை.

அக்கரைதான், அமெரிக்கா இல்லை. ஆனாலும் அந்த ஆறு எனக்கு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. சில நாள் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு துறைக்கு வருவாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வீட்டிலிருந்து அவள் அம்மா கூப்பிடுவார். ஓடிவிடுவாள். அந்தச் சோற்றை ஆற்று நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, தீர்ந்துபோகக் கூடாதே என்று மெதுவாகத் தின்பேன். வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். ‘கொறச்சு வெய்யுங்க’ என்று திட்ட ஆளில்லை. நானே குறைத்தேன். ஆண்டவரே, அவளைக் கூட்டிக்கொண்டு வாரும் என்று தினமும் கேட்டேன்.

ரோசி கிளம்பிப் போன அன்று ஒரு சின்னப் பாட்டிலை என் கையில் வைத்தாள். போதகர் ஜெபித்துக் கொடுத்த தேங்காயெண்ணெய்.

“ஞாயித்துக்கெழம ஒரே ஒரு சொட்டு ஸ்டியரிங்ல தொட்டு வெச்சு ஜெபம் பண்ணுங்க. தண்ணி மேல போறவரு நீங்க.”

சொன்னதைச் செய்தேன். கொஞ்சம் கூடவே செய்தேன். அது பிறகு வருகிறது.

கார்த்திகையில் ஸ்டியரிங் இறுக ஆரம்பித்தது. காலையில் ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் தானாக இளகிவிடும். மெக்கானிக் குமார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். சுற்றிப் பார்ப்பார்.

“நல்லாத்தானுங்ணா திரும்புது. நோவு கையிலீங்களா, மனசுலீங்களா?”

ஜெபத்தால்தான் மதியம் சரியாகிறது என்று நான் இங்கேயே நின்று சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். அதனால் என்னை மட்டும் சிரிக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ரோசி போன் செய்தாள். “அம்மா நடக்குதுங்க. நாளைக்குக் காலைல வாங்க. பஸ்ஸெல்லாம் வேண்டாம், நம்ம படகுலயே போலாம்.” சரி என்றேன். அவள் போனை வைத்த பிறகும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக் கிளம்பினேன். நல்ல குளிர். ஆற்றின் மேல் பனி. ஒரே ஒரு ஆள், வாழைத்தாரோடு பொன்னாத்தாள். தோட்டத்துத் தாரை அக்கரையில் விற்கப் போகிறார்.

நடு ஆற்றில் ஒரு பாறைக்கு ஒதுங்கப் படகைக் கதவணைப் பக்கம் லேசாகத் திருப்பினேன். திரும்பியது. நேராக்கப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலை உதைத்து இழுத்தேன். படகு நேராகக் கதவணையைப் பார்த்துப் போகிறது. மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. பயத்தில் நான் செய்த காரியம், வேகத்தைக் கூட்டியது.

அக்கரையில் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. ரோசி. பையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு பக்கத்தில் வந்து இவளிடம் போய்ச் சேராமல் போகிறேனே என்று அப்படியே முழங்கால் போட்டேன். என்னவோ குத்தியது. சோதனை என்று பொறுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் வந்தது ஒரே ஜெபம்தான்.

“கர்த்தாவே, நீர் தந்த இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்...”

மீன்கள் ஆமென் சொல்லியிருக்கும்.

“ஏனுங்ணா,” என்றார் பொன்னாத்தாள். “அது சாப்புடறப்ப சொல்றதில்லீங்களா? எங்க பாப்பா பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்து சொல்லுவாளுங்க.”

“அம்மிணி, பேசாம இருங்க! சாகப்போறோம்!”

“செத்தா என்ற வாழத்தாரு என்னாகறதுங்க? மொதல்ல எஞ்சின நிறுத்துங்ணா. அப்பறம் எந்திரிங்க. நீங்க முட்டி போட்டிருக்கறது நங்கூரமில்லீங்களா?”

குனிந்து பார்த்தேன். நங்கூரமேதான். உதவி கேட்டு நான் கதறிய நேரமெல்லாம் அது என் முழங்காலுக்கு அடியில் கிடந்து குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டேன். கயிறு ஓடி, விறைத்து நின்றது. படகும் நின்றது. அப்போதுதான் புத்தி வந்தது. ஸ்டியரிங் கேபிளைப் பின்பக்க எஞ்சினோடு சேர்க்கும் நட்டை ஸ்பேனரால் கழற்றினேன். எஞ்சின் தனியாகத் திரும்பியது. நங்கூரத்தைத் தூக்கி, எஞ்சினைக் கையால் பிடித்துத் திருப்பியே அக்கரைக்குப் போனேன். வழியெல்லாம் அழுதேன். பொன்னாத்தாள் பார்க்காத மாதிரி வாழைத்தாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

கரையில் ரோசி முதலில் முழங்காலைப் பார்த்தாள், பிறகு ஸ்டியரிங்கை. ஸ்டியரிங்குக்கு அடியில் கேபிள் நுழைகிற குழாயில் குச்சியை விட்டுத் துழாவினேன். மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக, ஆற்றுமண் கலந்து கட்டிகட்டியாக வந்தது. மோந்து பார்த்தாள்.

“தேங்காயெண்ணெய்! குளுருக்கு ஒறஞ்சு கெடக்குது. ஒரு சொட்டுன்னு சொல்லித்தானுங்க குடுத்தேன்?”

“நெனப்பு வரப்பெல்லாம் கொஞ்சம் ஊத்துனேன்.”

“அந்தப் பாட்டலு முழுசுமா?”

“அது ஆவணிலயே தீந்துபோச்சு கண்ணு. அப்பறம் கடையில வாங்கி ஊத்துனேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சேலைத் தலைப்பு முகத்துக்குப் போனது.

“இனி ஊத்தாதீங்க. நாந்தான் வந்துபோட்டனே.”

அன்று மதியம் குமார் குழாயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது கிரீஸ் வைத்தார். இப்போது காலையிலும் ஒரு விரலால் திரும்புகிறது.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். சாப்பாட்டு ஜெபமாக இருந்தும் கேட்டார். உங்களுக்கும் யாராவது அக்கரையில் இருக்கலாம். வார்த்தை சரியாக வரவில்லையே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். வருகிற வார்த்தையில் கேளுங்கள், அவர் புரிந்துகொள்வார். முழங்காலில் ஏதாவது குத்தினால் மட்டும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அதோ பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து சிரிக்கிறாளே, அவள்தான் ரோசி. எண்ணெய் இப்போது அவள் தலைக்குத்தான் போகிறது.