புளோறாவின் கல்வெட்டு, முதற் பாகம்

இராசதுரை மாஸ்டரின் வேலை போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு எழுதுவது லேசு. என் பெயர் வினாயகமூர்த்தி. மட்டக்களப்புப் பட்டினத்தில் சாலிஹ் முதலாளியின் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோர்க்கிறவன். படித்தது நாலாம் வகுப்பு.

மாஸ்டர் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில் வாவிக்கு அக்கரையில் ஒரு மிசன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம்; அங்கே இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளி வளவுக்குள்ளேயே இரண்டு அறை வீடு. வேலை இருக்கும்வரை அந்த வீடும் இருக்கும். பெண்சாதி மார்கிறட். பிள்ளை ஒன்று, அங்கே வந்தபின் பிறந்தவள், புளோறா.

அவர் வந்த இரண்டாம் வருசம், சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஒரு பெட்டி புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்துப் பாட்டும் கதையும். வேறு ஆளென்றால் கடைக்காரனுக்குச் சுருள் சுற்றக் கொடுத்திருப்பான். மாஸ்டர் கறையான் எடுக்காமல் பரண் கட்டி வைத்து வாசித்தார். பத்து வருசத்துக்கு மேல் அதையேதான் வாசித்தார்.

சனிக்கிழமைகளில் பரீட்சைத் தாள் அச்சடிக்கத் தோணியில் வருவார். என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டுகளைப் பற்றியே பேசுவார். எனக்கு ஆங்கிலம் எழுத்தாகத் தெரியும், பொருள் தெரியாது. அவர் சொல்லித்தான் கேட்டது. அந்தக் காலத்தில் அங்கே ரயில் வந்ததாம், புகை கக்குகிற ஆலை வந்ததாம், சின்னப் பிள்ளைகளை ஆலைக்குள் விட்டு வேலை வாங்கினார்களாம். மலையைத் தோண்டினால் கல்லுக்குள் சிப்பியும் எலும்பும் கிடைத்ததாம். கிறிஸ்தவ வேதத்தில் சொன்ன காலத்தை விட அது பழையது என்று படித்தவனுக்கெல்லாம் நெஞ்சு ஆட்டங்கண்டு போயிற்றாம். அந்த ஆட்டத்தைத்தான் பாடினார்களாம்.

“கடவுள் இல்லையெண்டு பாடினவங்களா மாஸ்டர்?”

“இல்ல மூர்த்தி. இரிக்கிறாரா எண்டு கேட்டுக் கேட்டுப் பாடினவங்க. செத்த வீட்டில இருந்துகொண்டு கேட்டவங்க. ஒரு சாவுக்கு வருசக் கணக்கா எழுதினவங்களும் இரிக்கிறாங்க. கேட்டுக்கொண்டே போனாக் கடைசியில ஒரு விடியல் வரும்.”

“அதுமட்டும் ஆர் பொறுத்திருந்து வாசிக்கிற?”

“நான் வாசிப்பன்” என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அந்தப் புலவர்கள் வேறு ஆளின் வாயால் பாடுவார்களாம். திருடன் பேசுகிற மாதிரி, பைத்தியக்காரன் பேசுகிற மாதிரி ஒரு நீளப் பாட்டு. அதை வாசித்துவிட்டு எழுதினவனை யாரும் பொலிசில் பிடித்துக் கொடுக்க மாட்டார்களாம்.

“அது எங்கட கல்வெட்டிலயும் இரிக்கிதானே” என்றேன் நான்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் முப்பத்தொராம் நாள் கல்வெட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். பெயர்தான் கல்வெட்டு, அடிப்பது தாளில். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக இருக்கும். எல்லார் வாயாலும் அழுகிறவர் ஒரே புலவர்தான். செத்தவரை அவர் கண்டிருக்கவும் மாட்டார். முப்பத்தொராம் நாள் வீட்டில் ஒருவர் அதை இராகம் போட்டு வாசிப்பார், பெண்கள் அழுவார்கள். வேதக்காரர் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு, ஜெபத்தோடு.

மாஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் பிறகு காணவில்லை.

முப்பத்தொன்பதாம் வருசம் தை மாதம் புளோறாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பதினொரு வயது. பத்தொன்பது நாள் கிடந்தாள். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியும் பார்த்தார், பட்டினத்துப் பெரிய டாக்குத்தரும் பார்த்தார். இருபதாம் நாள் அடக்கம்.

நாலு கிழமை ஆகவில்லை, மாஸ்டர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. கையில் ஒரு அப்பியாசக் கொப்பி.

“புலவரிட்டக் குடுக்கல்ல. நான்தான் எழுதினன். தந்தை புலம்பல். இருபத்துநாலு பாட்டு.”

வாங்கிக் கோர்க்கத் தொடங்கினேன். எத்தனையோ கல்வெட்டுக் கோர்த்த கை. இது வேறு மாதிரி இருந்தது. கண்மணியே, பொன்மணியே ஒன்றும் இல்லை.

ஏன்தந்தாய் எனக்கேட்டேன்; எடுத்ததுமேன் எனக்கேட்டேன்;
வான்தந்த விடையில்லை, வாவியும்வாய் திறக்கவில்லை.

பதினைந்தாம் பாட்டில் எனக்கு ‘ஏ’ தீர்ந்துபோனது. ‘ஏ’ அதிகம் வராத எழுத்து. முதலாளி வாங்கிப் போட்டதே முப்பதுக்குள். மாஸ்டரின் பாட்டில் வரிக்கு வரி ஏன், ஏன், ஏன். வேறு அளவு எழுத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு மாதிரி இருபத்துநாலையும் முடித்தேன். கடைசிப் பாட்டு இது.

பாறையிலே சிப்பியுண்டு; பலகோடி ஆண்டென்பார்;
ஆறடியில் என்பிள்ளை, அவளெந்த ஆண்டெழுவாள்?

“இதோட முடியுதா மாஸ்டர்?”

“இல்ல. இன்னும் இருபத்துநாலு இரிக்கி. இது இருட்டு. மறுகா விடியல் வரும். தலைக்குள்ள இரிக்கி, இன்னும் எழுதல்ல.”

முப்பத்தொராம் நாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. அவர் மிச்சத்தை எழுதி வந்தாலும் என்னிடம் ‘ஏ’ இல்லை. அடித்த தாளை முடித்து எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டால்தான் மறுபடி கோர்க்கலாம். அப்போது நான் சொன்னதுதான் பிழை.

“இப்ப இதை அடிப்பம். மிச்சத்தை மறுகா அடிப்பம். ரெண்டு பாகம்.”

அவர் முகம் தெளிந்தது. “அந்த வெள்ளைக்காரங்கட கதையெல்லாம் அப்பிடித்தான் வந்த. மாதத்துக்கு ஒரு பாகம். சனம் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கும்.”

மேலே முதற் பாகம் என்றும் அடியில் தொடரும் என்றும் கோர்த்தேன். கல்வெட்டில் தொடரும் என்று போட்டவன் இந்த மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முப்பத்தொராம் நாள் கோயில் மூப்பர் ஒருவர் இராகம் போட்டு வாசித்தார். எட்டாம் ஒன்பதாம் பாட்டில் இராகம் இறங்கிப்போனது. சிப்பிக்கு வந்ததும் நிறுத்திவிட்டுப் போதகரைப் பார்த்தார். போதகர்தான் பள்ளிக்கூடத்து மனேஜர். அவர் தாளை நாலாக மடித்தார். அழ வந்த பெண்கள் அழவில்லை. எங்கே அழுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே தோணியில் பேச்சு.

“பள்ளிக்கூடத்து வாத்தி கடவுள விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கான்.”

“அதை விடு கா. அடியில தொடரும் எண்டு போட்டிருக்கு. அடுத்தது ஆராம்?”

“மார்கிறட்டப் பாத்து நடக்கச் சொல்லு.”

நான் அந்தத் தோணியில்தான் இருந்தேன்.

போதகர் கெட்ட மனிசன் அல்ல. மாஸ்டரைக் கூப்பிட்டு இருக்க வைத்துத்தான் பேசினார். இரண்டாம் பாகத்தில் விசுவாசம் வரும் என்று மாஸ்டர் சொன்னதையும் நம்பினார். “அப்ப அதைக் கெதியாத் தாங்க. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி அச்சில வரட்டும். வந்தா நான் எல்லாருக்கும் பதில் சொல்லுவன். வராட்டி இந்தப் பள்ளிக்கூடத்தில உங்கள வைக்க எனக்கு ஏலாது.”

ஏழு கிழமை இருந்தது. தாளை வெட்டி வைத்தேன். எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டேன். முதலாம் சனிக்கிழமை மாஸ்டர் வெறுங்கையோடு வந்தார். இரண்டாம் சனியும் அப்படி. மூன்றாம் சனி கொப்பியைக் கொண்டுவந்தார். முதல் வரி பதினாறு தரம் எழுதிப் பதினாறு தரமும் வெட்டியிருந்தது.

“வரல்ல மூர்த்தி. அவங்க எழுதினதெல்லாம் எடுத்து வாசிக்கிறன். அவங்களுக்கு வந்திரிக்கி. எந்த இடத்தில வந்த எண்டு பாக்கிறன். ஒரு பாட்டில இருட்டா இரிக்கி, அடுத்த பாட்டில வெளிச்சம். நடுவில என்ன நடந்த எண்டு ஒருத்தனும் எழுதல்ல.”

ஐந்தாம் கிழமை மார்கிறட் தனியாக வந்தாள். கறுப்புச் சேலை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், இப்போது வீட்டையும் விடப் போகிறாள்.

“அண்ணன், அவர் எழுதமாட்டார். நாலு வரி நீங்களாவது எழுதுங்க. எத்தின கல்வெட்டு அடிச்சிருப்பீங்க.”

அது உண்மை. எல்லாக் கல்வெட்டும் ஒரே மாதிரித்தான் முடியும், எனக்கு அது மனப்பாடம். அவள் போனபின் நின்ற நிலையிலேயே கோர்த்தேன். எட்டுப் பாட்டு.

பொன்னுலகில் பிதாமடியில் புளோறாவும் இருக்கின்றாள்;
என்னுயிரே அழவேண்டாம், இனியங்கே காண்போமே.

சனிக்கிழமை மாஸ்டரிடம் படி எடுத்துக் காட்டினேன். நின்றுகொண்டே வாசித்தார்.

“நல்லாரிக்கி. தளை தட்டல்ல. இத எழுதினவனுக்குப் பிள்ளை சாகல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. “வேற ஆளின்ர வாயால பாடலாம் எண்டு சொன்னது நீங்கதானே? இதையும் அப்பிடி நினைச்சா என்ன? வீடு போகப் போகுது.”

“அவங்க வேற ஆளின்ர வாயால உள்ளதச் சொன்னாங்க. நீ என்ர வாயால இல்லாததச் சொல்லப் பாக்கிறாய். கலைச்சுப் போடு.”

கலைக்கவில்லை. மார்கிறட் மறுபடி வந்தாள். அவருக்குத் தெரிய வேண்டாம், அடித்துப் போதகர் கையில் கொடுத்துவிடுங்கள் என்றாள். மேலே இரண்டாம் பாகம், அடியில் சா. இராசதுரை என்று போட்டு நூறு தாள் அடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போதகர் சந்தோசப்பட்டார். அந்தச் சந்தோசத்தில் அவர் என்ன செய்வார் என்று நான் யோசிக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு ஆராதனை. நான் சைவன், வெளியே யன்னலடியில் நின்றேன். பிரசங்கம் முடிந்ததும் போதகர் தாளைத் தூக்கிக் காட்டினார். “எங்கட மாஸ்டர் துக்கத்தில தடுமாறினார். கர்த்தர் அவரைத் திரும்பக் கொண்டுவந்திட்டார். அவரே வாசிக்கட்டும்.”

மாஸ்டர் எழும்பிப் போய்த் தாளை வாங்கினார். பார்த்ததும் அவருக்கு விளங்கியிருக்கும். மார்கிறட் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் வரியை வாசித்தார், பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதல் வாசிக்கிற குரலில். இரண்டாம் வரியில் நிறுத்தினார். அவர் அந்த வரியை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

“இது நான் எழுதினதில்ல” என்றார். “எனக்கு இது வரல்ல.”

“அப்ப ஆர் எழுதின?” என்று போதகர் கேட்டார்.

மாஸ்டர் சொல்லவில்லை. யன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. நானாவது உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் வேலை போயிருக்கும். ஆனால் பொய்க்காரன் என்ற பேர் அவருக்கு வந்திருக்காது. போதகரை ஏமாற்ற வேறு ஆளைப் பிடித்து எழுதுவித்துக் கடைசியில் பயந்துபோனார் என்றுதான் ஊர் சொன்னது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது.

சித்திரை முடியமுன் வீட்டை விட்டார்கள். மார்கிறட்டின் தமையன் கல்குடாவில் இருந்தான், அங்கே போனார்கள். புத்தகப் பெட்டியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டாராம்.

நாற்பத்துமூன்றில் வாழைச்சேனைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனவன் கல்குடாவுக்கும் போனேன். மாஸ்டர் மீன்வாடியில் கருவாடு காயவைக்கிற இடத்தில் காகம் விரட்டிக்கொண்டிருந்தார். மலேரியாக் காய்ச்சல் அடித்து அடித்து வயிறு வீங்கியிருந்தது. என்னைக் கண்டு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நானே கேட்டேன். “மாஸ்டர், அது பிறகாவது வந்ததா?”

“எது?”

“இரண்டாம் பாகம்.”

பக்கத்தில் கிடந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டார். மறந்துபோன ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிற மாதிரி இருந்தது. “இல்ல” என்றார். “இப்ப கேக்கிறதுமில்ல. முந்தி ஏன் எண்டாவது கேட்டன்.” எழும்பிப் போய் இரண்டு காகத்தைக் கலைத்துவிட்டு வந்து இருந்தார்.

மார்கிறட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். நான் குடித்து முடித்தேன். மாஸ்டரின் கோப்பை ஆறிக்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை.