அண்ணனின் பென்ஷன் பிள்ளைகள்

என் அண்ணன் தெட்சிணாமூர்த்திக்கு எழுபத்தெட்டு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தருமபுரத்தில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அண்ணி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கணவரை இழந்த நான்தான் அவருக்குச் சமைத்துப் போடுகிறேன். திட்டுவதும் நான்தான்.

போன வருடம் பக்கத்து வீட்டு வயலின் சத்தம் மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று சண்டைக்குப் போனார். அந்தப் பெண்ணையும் அவள் தோழிகள் இருவரையும் இசைக் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கேட்டால், "நல்லாத்தான் வாசிக்கிது உமா. வேற என்ன பண்ணச் சொல்ற?" என்கிறார். இப்படியும் ஒரு மனிதர்.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. பிரான்சிலிருந்து வரும் பென்ஷன் அவர் மூச்சு இருக்கும்வரைதான். உயிரோடு இருக்கிறாரென்று வருடா வருடம் லைஃப் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும். "நான் பொட்டுன்னு போயிட்டா அந்தப் புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்" என்று காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். விடியுமுன் கடற்கரைக்கு நடை. நாளுக்கு நாலு தடவை பிரஷர் பார்ப்பார். உட்கார மாட்டார், என்னையும் உட்கார விடமாட்டார். சீ, இதென்ன பிழைப்பு என்று எனக்கு அழுகையே வந்தது.

வீட்டின் முன்பக்கம் இரண்டு கடைகள். அவருக்குப் பிறகு எனக்கென்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்த வாடகைய அதுங்க படிப்புக்கே எழுதி வச்சிடுங்கண்ணே. எனக்கு என் மவன் இருக்கான்" என்றேன். மறுவாரமே பத்திரம் பதிவாயிற்று.

அன்று மாலை, "உமா, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடு. இனிமே எப்ப வேணும்னாலும் போவலாம்" என்று காலை நீட்டி உட்கார்ந்தார். மறுநாள் நடக்கப் போகவில்லை. பிரஷர் மிஷின் மூலையில் கிடந்தது. ஒரு வாரம் பார்த்தேன், பயந்துபோனேன்.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரின் மகள் திரிபுரசுந்தரி மிருதங்கம் படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் வசதியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் ஊரான கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் அவளை அழைத்துவந்து அண்ணன் முன்னால் நிறுத்தினேன்.

"இதுக்கு நாலு வருஷப் படிப்புண்ணே. கடை வாடகை அந்த மூணு பேருக்குத்தான் சரியா இருக்கு. இதுக்கு உங்க பென்ஷன்தான்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார்.

"நாலு வருஷமா?" என்று முனகியபடி கையிலிருந்த டம்ளரை என்னிடம் நீட்டினார். "இதுல சர்க்கரை இருக்கு. வேற போட்டுக் கொண்டா."