நடக்கும் பேட்டையின் நெட்டைக் கதவு

தாழ்ப்பாளைக் கையில் வாங்கிப் பார்த்த கொத்தனார் சிரித்துவிட்டார். "என்னங்க இது, கோயில் கதவுக்குப் போடுறதா? இப்ப வர்ற ரெடிமேட் கதவுல இத அடிச்சா, கதவு கழண்டு கையோட வந்துரும்ங்க."

விழிதியூரில் என் பங்குக்கு வந்த இடத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் தலையளவு வந்துவிட்டது. வாசலுக்கு மேலே லிண்டலை எந்த உயரத்தில் போடுவது என்று அவர் கேட்டபோதுதான் பெட்டியிலிருந்து இதை எடுத்து வந்தேன். என் முழங்கை நீளம் இருக்கும். சுரங்கத்துத் தண்டவாளத்தில் உடைந்த துண்டொன்றைக் காய்ச்சி அடித்துச் செய்தது. எத்தனை முறை துடைத்தாலும் இடுக்குகளில் இருக்கும் சிவப்பு போவதில்லை. பார்க்கிறவர்கள் துரு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மொரேவாவின் மண்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு லாரியில் கிளீனர், பிறகு ஒரு சரக்குக் கப்பலின் சமையலறை என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, ஒப்பந்தக் கூலியாக மொரேவாவில் போய் இறங்கினேன். பிரெஞ்சு பேசுகிற ஒரு தீவின் ஓரத்தில், நிக்கல் தோண்டுகிற நகரம் அது. கப்பலிலிருந்து பார்த்தால் பச்சைக் கடலுக்குப் பின்னால் தோலுரித்த மலை தெரியும். அங்கே எச்சில் துப்பினால் சிவப்பாக விழும். ரத்தம் என்று முதலில் பயந்தேன், பிறகு பழகிவிட்டது. படுக்கை ஒரு தகரக் கொட்டகையில். இடது கையில் ஒரு நகம் நசுங்கிப் போனது. அதுவும் பழகிவிட்டது. பழகாதது சாப்பாடுதான். ரொட்டியும் டப்பா மீனும் தின்று நாக்கு செத்துப்போயிருந்த ஒரு மதியம், தொழிலாளர் குடியிருப்புக்குள் நடந்துகொண்டிருந்தபோது பெருங்காயம் போட்டுத் தாளிக்கிற வாசனை வந்தது. வாசனை வந்த வழியே போய் நின்றால், எதிரே ஒரு கதவு.

அந்தத் தெருவில் எல்லாம் தாழ்ந்த தகர வீடுகள். இந்த ஒரு கதவுக்காக மட்டும் கூரையை அந்த இடத்தில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வீடு தொப்பி போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து கரண்டியோடு வந்த அக்காவோ என் தோளுக்குத்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தே தமிழில் ஆரம்பித்தார். "எந்த ஊரு தம்பி? பசியா, சும்மா பாக்க வந்தியா?" விழிதியூர் என்றேன். "அட, நான் பக்கத்து ஊரு நெரவிடா. உள்ள வா. எதுக்குக் குனியிற? இந்த வாசல்ல யாரும் குனிய வேணாம்."

எங்கள் காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆண்டது. அக்காவின் வீட்டுக்காரருக்குத் தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதை வைத்துத்தான் இருவரும் அங்கே போயிருந்தார்கள். அவர் சுரங்கத்தில் தண்டவாளம் போடுகிறவர். ஆள் நெட்டை. கம்பெனி கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் தினமும் நெற்றியை இடித்துக்கொண்டு, பொறுக்க முடியாமல், கப்பலில் இயந்திரம் வந்த பெட்டிகளின் பலகையை இழைத்துத் தன் உயரத்துக்கு ஒரு கதவு செய்துவிட்டார். நான் போவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு அக்கா வீட்டிலேயே பெஞ்சு போட்டுச் சுரங்கத்து ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். நுனிக்காலில் எம்பி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்குவார். "இவ்ளோ ஒசரம் இருப்பாரு." கைக்கு எட்டாத மிச்சத்தை வாயால் சேர்ப்பார். "இன்னும் கொஞ்சம்."

மொரேவாவின் கதையெல்லாம் அக்கா பரிமாறிக்கொண்டே சொன்னதுதான். முதலில் அது நாலைந்து மீன்பிடிக் குடிசைகள் இருந்த கரை. குடிக்கத் தண்ணீர் எடுக்க ஒதுங்கிய கப்பல்காரன் ஒருவன், சிவப்பு மலையில் நிக்கல் ஊறிய பச்சைக் கல்லைப் பார்த்தான். அதோடு மலைக்கு வந்தது கேடு. தோண்டத் தோண்ட நகரம் பகுதி பகுதியாக வளர்ந்தது. காற்று சுத்தமாக வரும் மேட்டில் அதிகாரிகளின் தோட்ட வீடுகள். அதன் காலடியில், புகை இறங்கும் பக்கமாக, கனிமம் உருக்கும் உலையடி. மண் ஏற்றும் கப்பல்கள் நிற்கும் இடம் துறை. இவை மூன்றுக்கும் நடுவே நாங்கள் இருந்த பகுதி. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. நம் ஆட்கள் அதை நடக்கும் பேட்டை என்றுதான் சொல்வார்கள். குடியிருப்புக்கு அடியில் கனிமம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மொத்தப் பேட்டையையும் கரையோரமாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். பழைய இடம் பள்ளமாகிவிடும். சுவரும் கூரையும் கம்பெனி போட்டுக்கொடுக்கும், கதவு மட்டும் அவரவர் பாடு. அதனால் பேட்டை நகரும் நாளில் எல்லாரும் முதலில் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். புது இடத்தில் கதவை நிறுத்தி வைத்து, அதைச் சுற்றித்தான் சுவர் எழுப்புவார்கள். தெருவின் பெயரைவிடக் கதவைச் சொல்லி வழி கேட்பதுதான் அங்கே வழக்கம். நீலக் கதவுக்காரன், ஓட்டைக் கதவுக்காரன். அக்கா, நெட்டைக் கதவு.

நான் போய் இரண்டு மழைக்காலம் முடிந்திருந்தபோது பேட்டை மறுபடியும் நகரப்போவதாகச் செய்தி வந்தது. இந்த முறை வீடுகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கின. இரும்புக் கதவோடு சேர்ந்தே வந்தன. தீ பிடித்தால் ஆபத்து, மரக்கதவு கூடாது என்று சட்டம். எல்லாரும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கதவுகளைத் தெருமுனையில் குவித்துவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் நகரவில்லை. தண்ணீரை நிறுத்தினார்கள், குடத்தில் சுமந்தார். மின்சாரத்தை நிறுத்தினார்கள், விளக்கு ஏற்றினார்.

சாப்பிட வந்த நாங்கள் கேலி பேசினோம். மண் லாரி ஓட்டும் காரைக்கால் பாய் ஒருவர், "அக்கா, பேசாம கதவ வெறகாக்கி ஒரு பிரியாணி போட்ருங்க. அண்ணன் பேரச் சொல்லி சாப்புடுவோம்" என்றார்.

"இதோ இருக்கானே, இவன் காலை வெட்டி அடுப்புல வெக்கிறேன்" என்று அக்கா என்னைக் காட்டினார். "ஒரு எடத்துல நிக்காத கால். நல்லா எரியும்."

எனக்கு அப்போது வேறொரு கப்பலில் வேலை கிடைத்திருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசி நாள் வந்தது. பேட்டையில் எஞ்சியிருந்த ஒரே வீடு அக்காவுடையது. மண் தள்ளும் இயந்திரம் தெருமுனையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. குவித்து வைத்த கதவுகள் அதன் அடியில் நொறுங்கிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. கம்பெனி அதிகாரி வந்து, மரியாதையாகத்தான், இன்றோடு முடித்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னையும் பாயையும் பார்த்து, "கழட்டுங்கடா. அந்த மிஷின் வாயில குடுக்க மாட்டேன். நீங்களே கழட்டுங்க" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். அதுவும் அடுப்புப் புகை பட்டதுபோல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவைக் கழற்றி, கீல்களை எடுப்பதற்காக இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் படுக்கப் போட்டோம். அந்த நேரம் பார்த்துக் காலை வேலை முடித்தவர்கள் சாப்பிட வந்துவிட்டார்கள். பெஞ்சுகளை முன்பே ஏற்றி அனுப்பியாகிவிட்டது. உட்கார இடமில்லை. பசியில் யார் எதை யோசிப்பார்கள், ஒருவன் தட்டைக் கதவின் மேல் வைத்தான். அடுத்தவனும் வைத்தான். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், இடிக்காமல் நின்று சாப்பிட்டார்கள். அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார். கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "முசே" என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிட்டு, மரத்தில் மேசை வைத்துக்கொள்ள ஏதாவது தடை இருக்கிறதா என்று அவர் மொழியிலேயே கேட்டார்.

அதிகாரி கதவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மேசைக்குச் சட்டம் இல்லை என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி, அவரும் ஒரு தட்டு கேட்டார்.

"அந்த மனுசன் நெட்டையா இருந்தது இப்பத்தான்டா ஒதவுது" என்றார் அக்கா. பாய் பெரிதாகச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கதவு, மேசையாகத் துறைப் பக்கம் போனது.

மேசையின் அடியில் இந்தத் தாழ்ப்பாள் மட்டும் துருத்திக்கொண்டு எல்லார் முட்டியையும் பதம் பார்த்தது. நான் கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் அக்கா அதைக் கழற்றித் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். "எங்கயாச்சும் ஒரு வாசல் வெப்பேல்ல, அன்னைக்கு இதப் போடு. போட்டுட்டு எனக்குச் சொல்லு. ஊருக்கு வந்து தட்டுறேன். தட்டினா தெறக்க ஆளில்லாத ஊருக்கு நான் எதுக்கு வரணும்?"

அதன் பிறகு எத்தனையோ துறைமுகம் பார்த்துவிட்டேன். வாடகைக்கு இருந்த இடங்களில் இதைப் போட மனம் வரவில்லை. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பேட்டை மறுபடியும் நகர்ந்ததாம், மேசையைத் தூக்கிப்போக எட்டுப் பேர் போட்டி போட்டார்களாம். போனில் வந்தால் எடுத்தவுடன் கேட்பது ஒன்றுதான். "வாசல் வெச்சிட்டியா, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கியா?" ஊர்ப் பக்கம் அவருக்கென்று யாருமில்லை. அவர் சொன்னது விளையாட்டுக்கு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

கொத்தனார் தாழ்ப்பாளைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, நல்ல மரக்கதவா போட்டுக்குங்க. லிண்டல் ஏழடியில வெச்சிரவா? ஒங்க ஒசரத்துக்கு அதுவே ஜாஸ்தி."

"போதாதுங்க" என்றேன்.

"அப்ப எவ்ளோதான் வேணும்?"

தாழ்ப்பாளைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்தேன். நுனிக்காலில் எம்பி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.