கொழுந்து வாட்டும் மாடியில் ஐந்து கம்பியூட்டர்கள்

பஸ் பசறையைத் தாண்டி மேலே ஏறும்போது, ஏதோ ஒரு வளைவில் அந்த வாசம் வரும். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்து வாடுகிற வாசம். பாதி பழுத்த பழத்தையும் ஈரப் புல்லையும் ஒன்றாகக் கசக்கினாற்போல. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அப்போது தேத்தண்ணீர் நினைவு வரலாம். எனக்குக் கம்பியூட்டர் நினைவு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த காலம். இலங்கை மலையகத்தின் பதுளையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, கம்பியூட்டர் திருத்துகிற சின்னக் கடையில் வேலை பார்த்தேன். முப்பது வயது, கால் ஓரிடத்தில் தரிக்காத வயது. திருத்தச் சொல்லி ஆட்கள் கொண்டுவருபவற்றைவிட, வேண்டாம் என்று தூக்கி எறிந்தவற்றின் மேல்தான் எனக்கு மோகம். நகரத்தில் ஓர் அலுவலகம் புதிய கம்பியூட்டர்கள் வாங்கியபோது பழையவை பதினொன்றைப் பின்வராந்தாவில் அடுக்கிவிட்டார்கள். சாரல் அடிக்கிற வராந்தா. போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். கிழவர்கள் பஸ்சுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தன. ஒருநாள் கேட்டே விட்டேன். "கொண்டுபோய்த் தொலைங்க, இடமாவது மிஞ்சும்" என்றார்கள்.

கடை முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னா மகன், இது கடையா, ஆஸ்பத்திரியா?"

ஆஸ்பத்திரிதான். ஒன்றின் மின்பெட்டிக்குள் பல்லி முட்டைகள். இன்னொன்றின் கீபோர்டுக்குள் எறும்புகள் ஒரு பட்டணமே கட்டியிருந்தன. மெமரித் தகடுகளின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சிட வைத்தேன். பதினொன்றைப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உறுப்பு மாற்றி, மூன்று வாரத்தில் ஆறை எழுப்பி உட்கார வைத்தேன்.

அந்த மூன்று வாரம் முடிகிற நாளில்தான் ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நிரந்தர நியமனமில்லாத தொண்டர் ஆசிரியை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். படியேறி வந்து மூச்சு வாங்க நின்று, "சேர், செத்துப்போன கீபோர்ட் ஒன்னு இருந்தா குடுப்பீங்களா? புள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றார். அதுவரை கலண்டர் தாளின் பின்புறத்தில் கீபோர்டை வரைந்து, பிள்ளைகளை அதன்மேல் விரல் வைத்துப் பழக வைத்திருக்கிறார்.

பேச்சோடு பேச்சாக விஷயம் வெளியே வந்தது. தீபாவளி கழிந்த திங்கட்கிழமை கல்விக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். ஐந்து கம்பியூட்டர்களாவது ஓடினால் அங்கே கம்பியூட்டர் பாடம் தொடங்கலாம், அதற்கு ஆசிரியையாக இவர் பெயரையே எழுதி அனுப்புவார். இல்லாவிட்டால்? டீச்சரின் பாஸ்போர்ட் ஏற்கெனவே வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்காரனிடம் இருந்தது.

"அஞ்சு ஓடினா நான் இங்க. இல்லாட்டி குவைத்து" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. என் பின்னால் வரிசையாக இருந்த ஆறையும் காட்டினேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன், ஒரு சின்ன லொறியில் ஏற்றினோம். டீச்சர் கேட்டார்: "சேர், ஒவ்வொன்னுக்கும் பொலித்தீன் சுத்திருவோமா? எங்க மலையில மழ சொல்லிட்டு வராது."

டவுன்காரனின் திமிர் எனக்கு. லொறிக்கு மேலே தார்ப்பாய் இருக்கிறதே. "எனக்குச் சொல்லிட்டுத்தான் வரும் டீச்சர், பயப்படாதீங்க" என்றேன்.

ஐப்பசி மழை. பசறை வரைக்கும் தூறல். அதற்கு மேலே வானம் கவிழ்ந்துவிட்டது. தோட்டத்துக்கு ஒன்றரை மைல் இருக்கையில் மண்மேடு சரிந்து பாதையை மூடிக் கிடந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல லொறி போகாது. இங்க நின்னா நம்ம மேலயும் சரியும்" என்று இறக்கச் சொல்லிவிட்டார். ஆறு பெட்டி, ஆறு திரை, நடுவில் நானும் டீச்சரும். எனக்குச் சொல்லாமல் வந்த மழை என் கழுத்துக்குள் இறங்கியது.

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஏழெட்டுப் பெண்கள் வெறுங்கூடையோடு அந்த வழியே வந்தார்கள். டீச்சர் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. செடி சேலையைக் கிழிக்காதிருக்க இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணிகளை அவிழ்த்தார்கள். திரைகளைப் பிள்ளைகளைப்போலச் சுற்றித் தலையில் ஏற்றினார்கள். பெட்டிகள் முதுகுக் கூடைகளுக்குள் போயின; கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே இறுகியது.

ஓர் அம்மா கூடையை ஒருதரம் குலுக்கிப் பார்த்தார். "உள்ளுக்க என்னா தம்பி, கல்லா?"

"இல்லம்மா. கம்பியூட்டரோட மூளை."

"இம்புட்டு கனமா? அப்பன்னா எங்க வீட்டுக்காரருக்கும் ஒன்னு பாத்து வைங்க."

மலையே சிரித்தது. அந்த மழைக்குள், வழுக்குகிற படிகளில், கூடைகளில் கம்பியூட்டர்கள் வரிசையாக ஏறிப்போவதைப் பின்னாலிருந்து பார்த்தபடி நடந்தேன். எத்தனையோ மலைகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வரிசையைத் திரும்பப் பார்க்கவில்லை.

படங்கு சுற்றிய திரைகள் தப்பிவிட்டன. கூடை பின்னல்தானே, பெட்டிகள் தப்பவில்லை. பாடசாலை மண்டபத்தில் ஒன்றைச் சாய்த்தபோது குழாய் திறந்தாற்போல் தண்ணீர் ஊற்றியது. டீச்சர் கரும்பலகையின் மூலையில் அன்று காலையே '6' என்று எழுதி வைத்திருந்தார்.

இனிச் சொல்லப்போவது எனக்கு வெட்கமான பகுதி. ஈரமான இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அது எனக்குத் தெரியும். ஆனால் பொறுக்க முடியவில்லை. ஒன்றாவது உயிரோடு இருக்கிறதென்று கண்ணால் பார்க்கவேண்டும்போல் இருந்தது. "தொடச்சிட்டு நாளைக்குப் பாப்போமே சேர்" என்று டீச்சர் சொல்லச் சொல்ல, சட்டையால் துடைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

பட்டாசு வெடித்த சத்தம். கருகல் நாற்றம். மண்டபத்தின் விளக்குகள் அணைந்தன.

இருட்டிக்கொண்டு வந்த அந்த நேரத்தில் டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய், கரும்பலகையில் ஆறை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். அவ்வளவுதான். இனி ஒன்றுகூடப் பிசகக் கூடாது.

மறுநாள் காலையில் வந்தபோது டீச்சரிடம் ஒரு யோசனை இருந்தது. "எங்கம்மா பெக்டரி மேல்மாடியில கொழுந்து பரப்புறவங்க சேர். மழக் கொழுந்து தண்ணி சொட்டச் சொட்ட வரும். மறுநாள் கையில எடுத்தா துணி மாதிரி இருக்கும். கொழுந்து காயுற எடத்துல இது காயாதா?"

நான் ஏன் அதை நினைக்கவில்லை? நீண்ட கம்பிவலைத் தொட்டிகள், கீழிருந்து விசிறி அனுப்புகிற இளஞ்சூட்டுக் காற்று. இந்த நாட்டில் ஈரத்தை மெதுவாக எடுக்க அதைவிடச் சிறந்த இடம் ஏது? அதுவும் மறுநாள் தீபாவளி. கடைசிக் கொழுந்தையும் அன்று மதியத்துக்குள் அரைத்து முடித்துவிடுவார்கள். மூன்று நாளைக்குத் தொட்டிகள் வெறுமை; அடுப்பில் மட்டும் சூடு மிஞ்சியிருக்கும்.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நாங்கள் கேட்டதும் தேள் கொட்டியவர்போல் துள்ளினார்.

"உதுகளை உள்ளுக்கை விடேலாது! தேயிலை எல்லா மணத்தையும் இழுக்கிற சாமான். பிளாஸ்டிக் மணம் ஏறிச்சுதெண்டால் கொழும்பு ஏலத்திலை என்ரை தேயிலையை வாயிலை வைக்கமாட்டினம். பிறகு என்ரை வேலை?"

என் கையிலிருந்த மின்சுற்றுப் பலகையை வாங்கி மூக்கருகே பிடித்தார். "உதிலை பல்லி மணமும் வருது, ஐசே."

பல்லி உண்மைதான்.

டீச்சரைப் பார்த்து, "நீர் குவைத்துக்குப் போறீராம் எண்டு கதை?" என்றார்.

"இது அஞ்சும் ஓடினா போகமாட்டேங்க ஐயா."

அவர் கண் வாசல் பக்கம் போனது. வாசலருகே ஒரு பயணப் பையும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் இருந்தன. எனக்கு அப்போது அது ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். "கடைசித் தொட்டி மாத்திரம். புதுச் சாக்கு விரிக்கவேணும். எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு வாரும். நான் சொல்லாமல் ஒண்டையும் தொடப்படாது."

அப்படித்தான் அந்தத் தீபாவளி எனக்கு விடிந்தது. கீழே லயங்களில் வெடிச்சத்தம். மேலே விசிறியின் ஒற்றை இரைச்சல். கழற்றிய பலகைகளும் தகடுகளும் சாக்கின்மேல் கொழுந்துபோல் பரப்பிக் கிடந்தன. காற்றில் அதுவரை வாடிய கொழுந்துகளின் வாசமெல்லாம் மிச்சமிருந்தது. டீமேக்கர் மணிக்கொரு தரம் வந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் போட்டார். புறங்கையை வைத்துப் பார்த்தார். மோந்தார். நான் ஆசையோடு ஒன்றை எடுக்கப் போவேன். "கையை எடும்! பச்சை இன்னும் போகேல்லை" என்பார். சண்டை பிடித்தேன். அடுப்புக்கு ஒரு கட்டை போட்டுவிட்டு வந்து அவரும் சண்டை பிடித்தார்.

மதியம் டீச்சரின் அம்மா முறுக்கும் பணியாரமும் கொண்டு ஏறி வந்தார். பின்னாலேயே கூடை சுமந்த பெண்கள், புதுச்சேலையில். "நம்ம கம்பியூட்டரு காஞ்சிருச்சா?" என்று எட்டிப் பார்த்தார்கள். நம்ம கம்பியூட்டர். அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

அம்மாதான் டீமேக்கரிடம் கேட்டார்: "ஐயா, ஊருக்குப் போகலீங்களா? சண்ட நின்னு யாழ்ப்பாணப் பாதை தெறந்து மொதத் தடவ போறேன்னு பஸ்சுக்கு டிக்கட்டெல்லாம் போட்டிருந்தீங்களே?"

"போனால் உந்தத் தம்பி மிச்சம் அஞ்சையும் சுட்டுப்போடுவார்" என்று என்னைக் காட்டிவிட்டு, முறுக்கை எடுத்துக் கடித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் என் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தேன். வாசலில் இருந்த அந்தப் பை அப்போதுதான் விளங்கியது. அடுப்பையும் சாவியையும் இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போகத் தெரியாத மனிதர். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்க்க அங்கே யார் காத்திருந்தார்களோ. இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஞாயிறு மத்தியானம் ஒரு பலகையைக் காதோடு வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

பாடசாலைக்குக் கொண்டுபோய்ப் பாகங்களைத் திரும்பப் பூட்டினேன். முதலாவது ஓடியது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது ஊமை. திரை கறுப்பு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மூலையில் கிடந்த, நான் சுட்டுக் கொன்றதன் ஞாபகம் வந்தது. வெடித்தது அதன் மின்பெட்டிதான். மெமரித் தகடு பிழைத்திருக்கலாம். கழற்றினேன். வேடிக்கை பார்த்து நின்ற ஒரு மாணவியின் அழிறப்பரை வாங்கிப் பற்களைத் தேய்த்தேன். ஐந்தாவதற்குள் பொருத்தினேன். இந்தமுறை பட்டனை டீச்சரையே அழுத்தச் சொன்னேன்.

ஒரே ஒரு 'பீப்'. உலகத்தில் எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், மண்சரிவைத் தாண்டி நடந்தே, கால்சட்டை முழங்கால்வரை சேறாக. ஐந்தும் ஓடிக்கொண்டிருந்தன. சூடேற ஏற, பெட்டிகளின் வயிற்றிலிருந்து அந்த வாசம் மெல்லக் கிளம்பியது. அவர் மூக்கைச் சுருக்கி, "என்ன டீச்சர், பக்கத்துல தேத்தண்ணி ஊத்துறாங்களா?" என்று கேட்டார். ஜன்னலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் புத்தகத்தைத் திறந்து எழுதினார். டீச்சரின் பெயரை ஒருமுறை கேட்டு, மறுபடியும் கேட்டு, எழுதினார்.

டீச்சர் குவைத்துக்குப் போகவில்லை. டீமேக்கர், கடைசித் தொட்டியை இரண்டு தரம் கழுவி, அதில் வாட்டிய முதல் கொழுந்தின் தேயிலையைத் தானே ஊற்றிக் குடித்துப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தத் தொழிலை விட்டும், அந்த ஊரை விட்டும் நான் வந்து பல காலமாகிவிட்டது. கம்பியூட்டர்களைக் காப்பாற்றியவன் என்று அந்த நாட்களில் என்னை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மழைக்குள் மலையேறிப்போன கூடைகளையும், கயிறு அவிழாமலே இருந்த அந்த அட்டைப்பெட்டியையும் நினைத்தால், அந்தச் சொல் இப்போது என் வாயில் தங்குவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் மண்சரிவுக்கு இந்தப் பக்கம் வரை டீச்சர் என்னோடு நடந்து வந்தார். கீழே பஸ் திரும்பி நின்று ஹோன் அடித்தது. வானம் மறுபடி கறுத்திருந்தது. நான் படியிறங்கப் போகையில், கைப்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு பொலித்தீனை எடுத்து உதறி என் தோளில் போட்டார்.

"சுத்திக்கிட்டுப் போங்க சேர். உங்களுக்குச் சொல்லிட்டு வர்ற மழ இன்னும் பொறக்கல."