மதுரை டு திருவனந்தபுரம், வழி தென்காசி மேலே

விமானமே இறங்காத ஊரில் உட்கார்ந்து விமான டிக்கெட் பதிவு செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று, கவுண்டருக்குப் பின்னால் பல்லைக் கடித்துக் காலம் தள்ளிய யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் எனக்கு அந்த வேலை. பெரும்பாலும் மதுரை–திருவனந்தபுரம் விமானம்தான்.

ஸ்கேல் வைத்த வினை

பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி சுப்பையா அண்ணாச்சி, "எம்புட்டு நேரம் ஆவும்?" என்று கேட்டார். விமானம் ஒரு மணி நேரம், அதற்கு முன் மதுரைக்கு பஸ்ஸில் அரை நாள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுவரில் இருந்த மேப்பில் ஸ்கேலை வைத்து, விமானம் போகிற வழியையும் காட்டினேன். கோடு நேராகத் தென்காசி மேல் போயிற்று.

அண்ணாச்சி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "அப்ப அரை நாள் பஸ்ல போயி, பிளேன்ல ஏறி, திரும்ப எங்க ஊருப் பக்கமேதானவே வரணும்? டிரைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லும், நான் மாடியிலயே நிக்கேன்."

சீக்கிரம் போன குற்றம்

சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையார் ஒருவர் மனைவியோடு போய்வந்தார். வந்ததும் என்மேல் பாய்ந்தார். ஒரு மணி நேரம் என்று நான் சொல்லியிருக்க, பத்து நிமிஷம் முன்னதாகவே இறக்கிவிட்டார்களாம். இவர்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததும் பெல்ட்டை மாட்டச் சொல்லிவிட்டார்களாம். காற்று சாதகமாக அடித்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அந்த அம்மாள் குறுக்கே வந்தார்.

"காத்து கிடக்கட்டும் தம்பி. அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா போற பிளேனாப் பாத்துப் போடுங்க. துவையலைத் தொடவே இல்ல."

முதலாளி இருமினார்

ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தறிக்காரர் மைதீன் பாய் தந்தியோடு ஓடிவந்தார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அவர் தங்கைக்கு அன்று சாயங்காலம் ஆபரேஷன். ரத்தம் கொடுக்க இவர் போக வேண்டும். "பிளேன்ல போடுங்க, சீக்கிரம்!" என்றார்.

பின்னால் முதலாளி இருமினார். டிக்கெட்டை எழுது என்று அதற்கு அர்த்தம். ஆனால் பாய் மதுரை போய்ச் சேருவதற்குள் அன்றைய விமானம் கிளம்பியிருக்கும். அடுத்தது மறுநாள்தான். செங்கோட்டை வழியாக பஸ்ஸில் போனால் மத்தியானம் தாண்டியதும் திருவனந்தபுரம். நான் பேனாவை வைத்துவிட்டு, பாயின் கையைப் பிடித்து இழுத்துப்போய், நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானோ அந்த வாரம் செங்கோட்டை பஸ் வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். பாய் போன பஸ் வழியில் பழுதாகி நின்றிருந்தால்?

எட்டாம் நாள் பாய் நேந்திரங்காய் வறுவலோடு வந்தார். தங்கை பிழைத்துவிட்டாள். வறுவலை முதலாளி கையிலேயே கொடுத்தார்.

"முதலாளி, பிளேன் வேண்டாம், பஸ்ல போங்கன்னு சொல்ல இந்தக் கடையில மட்டும்தான் ஆளு இருக்கு. பஜார் பூரா ஒருத்தர் விடாம சொல்லிட்டுத்தான் வாரேன்!"

ஊரில் பாதிப் பேரை வானத்தில் அனுப்பிவைத்த நான், ஏழாம் வருஷம் அந்த வேலையை விட்டு வரும்வரை ஏறிப்போன வாகனங்களில் மிக உயரத்துக்குப் போனது, மலைப்பக்கம் ஐந்தருவிக்குப் போகிற டவுன் பஸ்தான்.